டீச்சருக்கு லீவு

எங்கள் வீட்டுக்கு டீச்சர் அடுப்படி வழியாகத்தான் வருவார். காலைச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, ஆணியில் தொங்கும் பழைய வாட்சை எடுத்து இடது கையில் கட்டுவார். அதுவரைக்கும் அவர் அம்மா. கட்டியதும் டீச்சர். அந்த டீச்சர் நான்தான்.

வாட்ச் ஓடாது. என் வீட்டுக்காரர் கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்ட வாட்ச் அது. மலை ஈரத்தில் முதல் மழைக்காலத்திலேயே நின்றுபோனது. போடியில் ரிப்பேர் பார்த்து வாங்கி வந்தால், ஜீப் மலை ஏறுவதற்குள் மறுபடியும் நின்றுவிடும். ஓடாத வாட்சுக்கு எங்கள் வீட்டில் இந்த ஒரு சோலிதான். அது என் கையில் இருக்கும்வரை பிள்ளைகள் இரண்டு பேரும் என்னை டீச்சர் என்று கூப்பிட வேண்டும். வாங்க, போங்க என்று பேச வேண்டும். தண்ணீர் குடிக்கக்கூடக் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். கழற்றி ஆணியில் மாட்டிவிட்டால் பழையபடி வா, போ, தோசை கொண்டா, இவ என்னயக் கிள்ளுறா எல்லாம் வந்துவிடும்.

இப்படி ஒரு ஏற்பாடு செய்யாமல் எனக்கு முடியவில்லை. கையில் கரண்டியோடு போய் வாய்ப்பாடு கேட்டால் எந்தப் பிள்ளை சொல்லும்? ஆறாம் வாய்ப்பாட்டுக்கு வந்ததுமே மூத்தவள், "அம்மா, வயிறு வலிக்குது" என்று சுருண்டு படுத்துவிடுவாள். டீச்சரிடம் அவளுக்கு ஒரு நாளும் வயிறு வலித்ததில்லை.

இது எழுபதுகளின் கடைசியில். போடிமெட்டைத் தாண்டி உள்ளே போகிற ஒரு ஏலத்தோட்டத்தில் என் வீட்டுக்காரர் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தார். பக்கத்தில் இருந்த பள்ளிக்கூடம் மலையாளப் பள்ளிக்கூடம். பக்கம் என்றால், யானை இறங்குகிற காட்டைத் தாண்டி. தமிழ் படிக்க வேண்டுமென்றால் போடிக்குத்தான் இறங்க வேண்டும். சின்னப் பிள்ளையைத் தனியே அனுப்ப மனசு வராமல், போடியிலிருந்து பாடப்புத்தகங்களை வாங்கிவரச் சொல்லி நானே ஆரம்பித்தேன். நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். அதை வைத்து நான் பார்த்த ஒரே உத்தியோகம் இதுதான். சம்பளம் இல்லை, லீவும் இல்லை.

மூத்தவளுக்கு ஒன்பது வயது முடியப்போன அந்த ஆண்டு, பள்ளிக்கூடத்தை இனி தள்ளிப்போட முடியாது என்று ஆகிவிட்டது. போடியில் இருந்த என் அக்கா, தன் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் போய்ப் பேசினாள். தலைமையாசிரியை ஒத்துக்கொண்டார். ஆனால் அவர் போட்ட நிபந்தனை சாதாரணமானதல்ல. அடுத்த திங்கள்கிழமை பிள்ளையை நேரில் கூட்டிவர வேண்டும். கேட்டதற்குப் பதில் சொன்னால் நாலாம் வகுப்பு. சொல்லாவிட்டால், பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத பிள்ளை என்று ஒன்றாம் வகுப்பில் உட்காரவைப்பார்கள். ஐந்து வயதுப் பிள்ளைகளோடு ஒன்பது வயதுப் பிள்ளை. அவளுக்கு வீம்பு அதிகம். அப்படி உட்காரவைத்தால் அன்றைக்கே படிப்பு வேண்டாம் என்று எழுந்து வந்துவிடுவாள் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

அந்த வாரம் பார்த்துத்தான் எல்லாம் வந்து சேர்ந்தது. வைகாசி மழை பிடித்துக்கொண்டது. மழை விழுந்ததும் தோட்டத்தில் நாற்று நடவு. தேவாரம் பக்கமிருந்து நடவுக்கு ஆட்கள் லோடு லோடாக வந்து இறங்கினார்கள். என் வீட்டுக்காரர் விடிவதற்கு முன்னால் போனால் இருட்டிய பிறகு அட்டை கடித்த காலோடு வருவார். நடவு பார்க்க முதலாளி மேலே வருகிறார் என்றும், சாப்பாடு ரைட்டர் வீட்டில்தான் என்றும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். சின்னவளுக்குச் சளி. துவைத்த துணி எதுவும் காயவில்லை. அடுப்புக்கு மேலே கயிறு கட்டி, பிள்ளைகளின் உடுப்புகளைப் புகையில் காயப் போட்டிருந்தேன். அதற்கு நடுவில் மூத்தவளுக்குப் பிறந்தநாள்.

பிறந்தநாளைத் தேதி பார்த்துக் கொண்டாடும் வழக்கம் அப்போது எங்களுக்கு இல்லை. மாதமும் நட்சத்திரமும்தான் கணக்கு. அவள் வைகாசி மகத்தில் பிறந்தவள். மகம் என்றைக்கு வருகிறது என்று பார்க்கப் போனால், எங்கள் தமிழ்க் காலண்டர் ஈரத்தில் ஊறித் தாள்களெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. ஒட்டாத தாள்களைச் சின்னவள் கப்பலாக்கி ஓடையில் விட்டிருந்தாள். சரி என்று வேலியோரம் போய், பக்கத்து வீட்டுச் சேச்சியைக் கூப்பிட்டேன். அவர்கள் வீட்டில் மலையாளக் காலண்டர் இருந்தது.

"சேச்சி, மகம் என்னைக்கின்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

தகரத்தின் மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "மகயிரமோ? புதனாழ்ச்சயாணு" என்று கத்தினார்.

கேட்டையை அவர்கள் திருக்கேட்டை என்பார்கள். அது எனக்குத் தெரியும். அதற்குத் தலை முளைத்ததுபோல மகத்துக்கு வால் முளைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மலையாளத்தில் எதையும் கொஞ்சம் இழுத்துத்தானே சொல்வார்கள். "ஆமா சேச்சி, அதேதான்" என்று நானும் கத்திவிட்டு உள்ளே வந்தேன். நின்று இன்னொரு வார்த்தை கேட்கத் தெம்பில்லை. உலை பொங்கிக்கொண்டிருந்தது.

அன்று பாடம் முடிந்ததும் மூத்தவளிடம், "புதன்கிழம ஒனக்குப் பொறந்தநாளு. என்ன வேணும், சொல்லு" என்றேன். பாவாடை சட்டை ஏற்கெனவே தைத்து வைத்திருந்தேன். வளையல் என்பாள், மிட்டாய் என்பாள் என்று நினைத்தேன். அவள் ஆணியில் தொங்கிய வாட்சைப் பார்த்தாள்.

"அன்னைக்கி டீச்சருக்கு லீவு குடும்மா."

எனக்குச் சிரிப்பு வந்தது. பின்னாலேயே திங்கள்கிழமையும் ஞாபகம் வந்தது. பின்னக் கணக்கு இன்னும் அவளுக்குச் சரியாக வரவில்லை. ஒரு நாள் போனால் போனதுதான். ஆனால் உண்மையைச் சொன்னால், எனக்கும் அந்த லீவு வேண்டியிருந்தது. உடம்பெல்லாம் அசதி. சரி என்றேன்.

புதன்கிழமையும் வந்தது, முதலாளியும் வந்தார். புதுப் பாவாடை கட்டிக்கொண்டு காலையிலேயே என் முன்னால் வந்து நின்றவளுக்குத் திருநீறு பூசிவிட்டு, அப்படியே திரும்பி அடுப்பைப் பார்த்தேன். முதலாளியோடு இன்னும் நாலு பேர் வந்திருந்தார்கள். கோழி, ரசம், பொரியல், அப்பளம். அம்மியில் மசாலா அரைத்துக்கொண்டே, பழக்க தோஷத்தில், "ஒம்பது ஏழு எத்தன?" என்று கேட்டுவிட்டேன். அவள் வாசற்படியில் நின்று என் மணிக்கட்டைப் பார்த்தாள்.

"கையில வாட்ச் இல்லயே?"

"வாய்ல சொன்னா என்னடி கொறஞ்சு போச்சு?"

"டீச்சருக்கு லீவுன்னு நீதான சொன்ன."

சட்டம் பேசுகிற பிள்ளையைப் பெற்று வைத்திருக்கிறேனே என்று குழவியை இன்னும் இரண்டு இழுப்பு இழுத்தேன். அவள் போகாமல் அங்கேயே நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "சொட்டாங்கல்லு வெளாடலாமாம்மா?" என்றாள். இதோ வர்றேன் என்றேன். ஓடையில் பொறுக்கிய அஞ்சு கல்லையும் கழுவித் துடைத்து எடுத்துவந்து பாவாடையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நான் இலை போட்டேன், பரிமாறினேன், இலை எடுத்தேன். அவள் பிறந்தநாளுக்கென்று வெல்லம் போட்டுப் பாயாசம் வைத்திருந்தேன். முதலாளி அதை வாசனை பிடித்துவிட்டார். "ரைட்டர் வீட்டுப் பாயாசம் பிரமாதம்" என்று சொல்லிச் சொல்லித் தம்ளரை நீட்டினார். எதற்காக வைத்த பாயாசம் என்று அவருக்கு யார் சொல்வது? மிஞ்சியது சட்டியின் அடியில் கொஞ்சம். அதைத்தான் பிள்ளைகள் இரண்டும் விரலால் வழித்துச் சாப்பிட்டார்கள். என் மனசுக்குள் அந்த மனிதரை நான் ஏசிய ஏச்சு இங்கே எழுதக்கூடியதல்ல.

சாயங்காலம் ஜீப் கிளம்பிப் போன பிறகுதான் நான் உட்கார்ந்தேன். சுவரில் சாய்ந்தால் கண் சொருகியது. அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கற்கள் இன்னும் மடியில் இருந்தன.

"டீச்சர் இல்லாட்டி நாளு பூரா அம்மா இருப்பான்னு நெனச்சேன்" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. கணக்கு எங்கே தப்பியது என்று பார்க்கிற மாதிரித்தான் சொன்னாள். எனக்கு அழுகை வந்தது. எழுந்து விளையாடலாம் என்றால் கையைத் தூக்க முடியவில்லை. "நாளைக்கி வெளாடலாம்" என்றேன். நாளைக்கு டீச்சர் வந்துவிடுவார் என்பது அவளுக்கும் தெரியும்.

வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் வாட்ச் கையை விட்டு இறங்கவே இல்லை. மத்தியானத்துக்குப் பிறகும் டீச்சர், விளக்கு வைத்த பிறகும் டீச்சர். பின்னம், வாய்ப்பாடு, செய்யுள், நதிகள், தலைநகரங்கள். நான் கேட்க, அவள் சொல்ல, இரண்டு பேருக்கும் தொண்டை கட்டிப்போனது. ஞாயிற்றுக்கிழமை சின்னவளைச் சேச்சியிடம் விட்டுவிட்டு, புத்தகங்களையும் வாட்சையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, அவளுடைய துணிமணிகளைத் தனியே டிரங்குப் பெட்டியில் அடுக்கி எடுத்துக்கொண்டு ஜீப்பில் இறங்கினோம். நடவு நேரம் என்று வீட்டுக்காரருக்கு வர முடியவில்லை. மெட்டைத் தாண்டி வளைவுகளில் இறங்க இறங்கக் குளிர் விட்டது. கீழே போடியில் சுள்ளென்று வெயிலும் காற்றும். பாதி வழியில் அவள் வாந்தி எடுத்தாள். என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டே, "பாலாறு, பெண்ணை, காவிரி" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு வந்தாள். எனக்கே போதும் போதும் என்று இருந்தது.

திங்கள்கிழமை காலையில் அக்கா வீட்டில் தலைவாரி முடித்ததும், பள்ளிக்கூடத்துக்கு வெறுங்கையோடு போக வெட்கமாக இருந்ததால் நான் வாட்சை எடுத்துக் கட்டிக்கொண்டேன். அவள் கூடத்தில் பெரியம்மாவுக்குத் தன் படிப்பைக் காட்டிக்கொண்டிருந்தாள். சுவரில் கண்டதையெல்லாம் உரக்கப் படித்தவள், கடைசியில் தமிழ்க் காலண்டருக்கு வந்தாள்.

"வைகாசி. திங்கள். மகம்." நிறுத்தினாள். மறுபடியும் படித்தாள். "பெரியம்மா, மகம்னு போட்டுருக்கு."

"ஆமா, இன்னைக்கி மகந்தான்."

"அப்ப புதன்கிழம?"

நான் நடந்ததைச் சொன்னேன். அக்கா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். அக்கா வீட்டுக்காரர் ஏலக்காய் வியாபாரத்தில் மலையாளிகளோடு பழகியவர் என்பதால் அவளுக்கு இதெல்லாம் தெரியும். "அடிப்பாவி, மகயிரம்னா மிருகசீரிடம்டி. மகத்த அவுகளும் மகம்னுதான் சொல்றாக. அது எங்க கெடக்கு, இது எங்க கெடக்கு!"

நானும் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் என் மகள் எனக்கு முன்னால் வந்து நின்றாள்.

"இன்னைக்கித்தான் எனக்குப் பொறந்தநாளு. வாட்சக் கழட்டு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அன்னைக்கே லீவு விட்டாச்சுல்லடி?"

"அது யாரு பொறந்தநாளோ. அன்னைக்கிப் பாயாசத்தக்கூட மொதலாளிதான குடிச்சாரு."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் கெஞ்சிப் பார்த்தேன், மிரட்டிப் பார்த்தேன். இன்றைக்கு ஒரு நாள், அந்த டீச்சரம்மா கேட்பதற்கு மட்டும் பதில் சொல்லிவிடு தாயே என்றேன். அவள் என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவைத்துக் கூட்டிப்போனால் இன்னும் மோசமாகிவிடும். நேரமும் ஆகிவிட்டது. வாட்சைக் கழற்றி மஞ்சள் பையில் போட்டேன். இரண்டு வருஷம் பட்ட பாடெல்லாம் ஒரு நட்சத்திரத்தில் போகப்போகிறது என்று நினைத்துக்கொண்டே தெருவில் நடந்தேன். அவளோ என் கையைப் பிடித்துக்கொண்டு துள்ளிக்கொண்டு வந்தாள்.

தலைமையாசிரியை மேஜைக்குப் பின்னால், கைகளை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அதட்டாத குரல். "வாம்மா, இப்படி வந்து நில்லு" என்றார். ஊர் கேட்டார், சொன்னாள். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார், இட்லி என்றாள்.

"சரி. ஒம்பது ஏழு எவ்வளவு?"

அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். அவளுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும்.

"ஆறு ஆறு?"

அவள் சன்னலைப் பார்த்தாள். தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒன்றாம் வகுப்பு பெஞ்சு எனக்குத் தெரிந்தது. என் உதடு தானாக அசைந்திருக்க வேண்டும். அவள் சட்டென்று என் பக்கம் திரும்பி, கூடாது என்பதுபோலத் தலையை ஆட்டினாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அங்கேயே முதுகில் ஒன்று வைத்திருப்பேன். கூடவே, ஓவென்று அழ வேண்டும்போலவும் இருந்தது.

"பயப்படுது போல. படிக்கச் சொல்லிப் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு, தலைமையாசிரியை அலமாரிப் பக்கம் கையை நீட்டி ஒரு புத்தகத்தை எடுத்தார். முந்தானை விலகியது. மணிக்கட்டில் கறுப்பு வார் போட்ட வாட்ச் ஒன்று கட்டியிருந்தார்.

என் மகள் அதைப் பார்த்தாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் குதிகாலைச் சேர்த்து நிமிர்ந்து நின்று கையைக் கட்டிக்கொண்டாள்.

"அறுபத்தி மூணுங்க டீச்சர். ஆறு ஆறு முப்பத்தி ஆறுங்க டீச்சர்."

அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. பாடத்தைக் கடகடவென்று படித்தாள். பின்னக் கணக்கைப் பலகையில் போட்டாள். கேட்காமலேயே நதிகளைச் சொன்னாள். "இவ்வளவு நேரம் ஏம்மா வாயத் தெறக்கல?" என்று கேட்டதற்கு மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த அம்மாளுக்கு இன்று வரைக்கும் காரணம் தெரியாது. நாலாம் வகுப்பு என்று எழுதிக்கொண்டார். நாளை காலையில் வந்துவிட வேண்டும் என்றார். வெளியே வேப்பமரத்தடிக்கு வந்ததும் நான் உட்கார்ந்துவிட்டேன்.

மத்தியானம் அக்கா பாயாசம் வைத்தாள். முதல் தம்ளர் அவளுக்கு. சாப்பிட்டதும் நான் கிளம்ப வேண்டும். கடைசி ஜீப்பை விட்டால் மறுநாள்தான். மலையில் சின்னவள் இருக்கிறாள், நடவு ஆட்கள் இருக்கிறார்கள், அடுப்பு இருக்கிறது. ஜீப் நிற்கும் இடத்துக்கு மூன்று பேரும் நடந்தோம். அவள் ஒரு கையால் என்னையும் இன்னொரு கையால் மஞ்சள் பையையும் பிடித்திருந்தாள்.

"நாளையிலருந்து அந்த டீச்சரா எனக்கு?"

"ஆமா."

"அப்ப நம்ம டீச்சரு?"

"அவுக மலைக்குப் போயி தங்கச்சிக்குச் சொல்லிக் குடுப்பாக."

நன்றாகத்தான் கேட்டுக்கொண்டு வந்தாள். ஜீப்புக்குப் பக்கத்தில் வந்து, நான் ஏறுவதற்குக் கம்பியைப் பிடித்ததும்தான் அவளுக்கு உறைத்தது. முகம் மாறியது. பெரியம்மா வீட்டில் இருக்கப் போகிறாள் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். அவளும் சரி சரி என்று தலையாட்டியிருக்கிறாள். டீச்சர் மாறுவார் என்றுதான் அவள் புரிந்துகொண்டிருந்தாள். அம்மாவும் சேர்ந்து போவாள் என்று யாரும் அவளுக்கு விளங்கும்படி சொல்லவில்லை.

மஞ்சள் பையை இரண்டு கையாலும் தூக்கி ஜீப்புக்குள் வைத்தாள். பிறகு என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர் போகட்டும்மா. நீ இரு."

டிரைவர் ஹாரன் அடித்தார். உள்ளே இருந்தவர்கள், "வெரசா ஏறுத்தா" என்றார்கள். நான் கம்பியிலிருந்து கையை எடுத்தேன். நாளைக் காலையில் முதல் ஜீப்பில் கிளம்பிவிட வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். ஒரு ராத்திரிதான். அவ்வளவுதான் என்னால் கொடுக்க முடியும்.

"அண்ணே, இந்தப் பைய மட்டும் எங்க வீட்ல குடுத்துருங்க. டீச்சர் வந்துட்டாக, அம்மா நாளைக்கி வருவான்னு சின்னவகிட்டச் சொல்லீருங்க."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பையைக் காலடியில் பத்திரமாக வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார். அவள் பாவாடை மடிப்பிலிருந்து அஞ்சு கல்லையும் எடுத்து என் கையில் வைத்தாள்.